புதுச்சேரி பாட்டிலில் ஒரு குட்டிப் படம்

முகையூர் பக்கம் 'ஒயின் ஷாப்' என்றால் டாஸ்மாக். அங்கே பிராந்திக்கும் பீருக்கும்தான் கூட்டம். ஒயின் கேட்பவர் அபூர்வம். உண்மையான ஒயினுக்கு இங்கே வேறு பெயர், வேறு இடம். மாதா கோயில் பூசையில் அது 'திராட்சை இரசம்'. திராட்சையில் மட்டுமே செய்ததாகவும், கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.

ரக ரகமான ஒயின் பாட்டில்களைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி. முகையூர் ஸ்டேஷனில் ரயிலேறி, மாம்பழப்பட்டு தாண்டி விழுப்புரத்தில் இறங்கி, பஸ் பிடித்தால் போதும். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் பிரெஞ்சு லேபிள்களுக்குப் பஞ்சமில்லை. குடிக்க வேண்டாம், படித்துப் பார்க்கலாம்.

பெரிய எழுத்தில் 'போர்தோ' என்றிருந்தால் அது கம்பெனி பெயரல்ல, ஊர்ப் பெயர். நாம் 'பண்ருட்டி பலா' என்று கேட்டு வாங்குவதைப்போலத்தான். கூடவே இருக்கும் வருடம், பாட்டிலில் அடைத்த வருடமல்ல. திராட்சை பறித்த வருடம். நம் நாட்டு பாட்டிலில் 'நாசிக்' என்று பார்த்தால் அது மகாராஷ்டிரத் திராட்சை. 'சல்ஃபைட்' என்பது ஒயின் கெடாமலிருக்கச் சேர்ப்பது. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அது மூச்சிரைப்பைக் கிளப்பும். 'புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு' என்ற வரியையும் கவனியுங்கள். திரும்பும் வழியில் எல்லைச் சோதனைச் சாவடி இருக்கிறது!

இனி அந்தச் சதவீதக் கணக்கு. 'ஒயின்தானே, பழச்சாறு மாதிரி' என்று சொல்பவர்கள் கொஞ்சம் பெருக்கிப் பார்க்க வேண்டும். 750 மில்லி பாட்டிலில் 12 சதவீதம் என்றால் 90 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம், அதில் இருப்பது சுமார் 77 மில்லிதான். ஆக, ஒரு முழு ஒயின் பாட்டில் குவார்ட்டரைவிடக் கூடுதல்.

இந்தப் 'பழச்சாறு' நினைப்பு வீட்டுக்குள் வரும்போதுதான் எனக்குக் கவலை. ரெட் ஒயின் குடித்தால் நிறம் வரும், மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று நம் பக்கம் இன்னமும் சொல்கிறார்கள். பாசத்தோடு ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. பிள்ளையின் நிறத்துக்கும் ஒயினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தாய் குடிக்கும் ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியாக நேரே குழந்தைக்குப் போகிறது. மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. கர்ப்ப காலத்தில் 'இவ்வளவு குடித்தால் பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் நாட்டு லேபிளில் 2019 முதல் கட்டாயமாக இருக்கும் எச்சரிக்கை, மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கென்று அதில் ஒரு சொல் இல்லை. அது பிரெஞ்சு பாட்டிலின் பின்பக்க லேபிளில், ஒரு மூலையில் இருக்கிறது. வட்டத்துக்குள் கையில் கோப்பையோடு வயிறு பெருத்த ஒரு பெண். குறுக்கே ஒரு கோடு. இந்தப் படமோ, இதே பொருள் தரும் வாசகமோ இல்லாமல் பிரான்சில் மது விற்கக் கூடாதென்று 2007இலிருந்து சட்டம். சில பாட்டில்களில் படம் மிளகு அளவுதான் இருக்கும். பிரெஞ்சு தெரியாத பாட்டிக்கும் புரியும். கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.