அப்பாவுக்கும் நேரம் கொடுப்போம்

தளியில் ரோஜாத் தோட்ட வேலைக்குப் போகும் எங்கப்பா, எந்த ஆபீசுக்குப் போனாலும் முதலிலிருந்து விவரம் சொல்லணும். போனமுறை சொன்னது யாருக்கும் நினைவிருக்காது. இணையமும் அப்படித்தான், ஒவ்வொரு கோரிக்கைக்கும் நாம் புது ஆள். அதற்காகவே 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி குக்கியைக் கொண்டுவந்தார். 2000இல் பி.எச்.பி. 4இல் செஷன் வந்தது: குக்கியில் அடையாள எண் மட்டும், விவரமெல்லாம் சர்வரில்.

கிளாசுக்குள் எந்த ஃபங்ஷனும் செஷன் மாறியை நேரடியாகத் தொடலாம். வசதிதான், ஆனால் எது எங்கே மாற்றியதென்று தேடி மாளாது. அந்த வேலையை ஒரே கிளாசிடம் ஒப்படைப்பதே மேல்.

வழக்கமான அமைப்பில் 1440 விநாடி சும்மா இருந்தாலே செஷன் அழிக்கப்படலாம். எங்கப்பா எழுத்துக்கூட்டி ஒரு படிவம் நிரப்ப அது போதாது. முதல் தலைமுறையாய்ப் படிக்கிற நாம் எழுதும் நிரலில் அந்த நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்போமே!