கூர்மை

பாறசாலையை அடுத்த சிற்றூரில் வாடகை வீட்டில் தங்கித் தமிழ் கற்பித்து வருகிறேன். சம்பளத்தின் பெரும்பகுதி ஊரிலுள்ள குடும்பத்திற்குச் செல்கிறது. ஆதலால் என் சமையலறையில் ஒரே கத்திதான் உண்டு. அது மழுங்கினால் புதியது வாங்குவதில்லை; தீட்டிக்கொள்கிறேன்.

அதற்குச் சாணைக்கல்லும் வேண்டியதில்லை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அதன் அடிவிளிம்பு பளபளப்புப் பூச்சின்றிச் சொரசொரப்பாக இருக்கும். கத்தியின் எஃகைவிடக் கடினமானது. அதன்மேல் சிறிது நீர் தெளித்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, இருபுறமும் ஒரே சாய்வில் மெல்லத் தேய்த்தால் கூர்மை திரும்பும். பின்பு கழுவித் துடைக்க வேண்டும். மழுங்கிய கத்தியே ஆபத்தானது. மிகுதியாக அழுத்தும்போது வழுக்கிக் கையை வெட்டிவிடும். மாணவர்களே, இப்பணியைப் பெரியவர்கள் செய்ய, அருகிலிருந்து காணுங்கள்.

கூர்மையை இவ்வூர் மலையாளத்தில் 'மூர்ச்ச' என்பர். தமிழில் 'மூர்ச்சை' என்றால் மயக்கம்! ஆனால் இரும்பை அராவும் 'அரம்' இரு மொழிக்கும் பொதுச்சொல். அறிவின் கூர்மைக்கு வள்ளுவர் உவமையாக்கியதும் அந்த அரத்தையே. 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு ஒருபுறமும் நெய்யாற்றின்கரை மறுபுறமும் அமைந்தன. சொற்கள் அவ்வெல்லையில் நின்றுவிடவில்லை.

வீட்டில் பேசும் தமிழும் எழுதாதிருந்தால் மழுங்கும். உங்கள் சமையலறையில் வழங்கும் பத்துத் தமிழ்ச்சொற்களைப் பெரியவர்களிடம் கேட்டு, இன்றே எழுதிப் பாருங்கள். இதற்கும் செலவில்லை.