வாசலில் வைத்த பால்



பால் வாங்குவது, காய்ச்சுவது, பொங்கி வழியாமல் பார்த்துக் கொள்வது, குழந்தைக்கு ஒரு பங்கு, வயது போனவர்களுக்கு ஒரு பங்கு, தேத்தண்ணிக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது, இவை எல்லாம் உங்கள் கையால் நடக்கின்ற வேலைகள். அந்தப் பால் ஒரு நாள் காணாமல் போனால் வீட்டில் ஏச்சு வாங்குவதும் பெரும்பாலும் நீங்கள்தான். அப்படியிருக்க, வாசலில் வைக்கும் பாலைப் பாதுகாப்பது பற்றி எழுதுவதற்கு ஒரு மௌலவி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பாதையில் இந்தப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தவர்களும் பெண்களே. அவர்கள் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற வகையில் எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது கம்பளையில், மேட்டை நோக்கி ஏறுகின்ற ஒரு சிறிய பாதையில். மொத்தம் 11 வீடுகள். தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு பால்காரர் பல வருடங்களாக வருகிறார். முன்பெல்லாம் நான்கு வீடுகளுக்குத்தான் பசும்பால் கொடுப்பார். மற்றைய வீடுகளில் பால்மா. 2021 ஒக்டோபரில் பால்மாவின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் 400 கிராம் பக்கற் ஒன்று 480 ரூபாயாகியது. 2022 மார்ச்சில் அது 790 ரூபாய்க்குப் போயிற்று. கையில் காசு இருந்தவர்களுக்கும் கடையில் சாமான் இல்லை. வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள் எங்கள் பாதையிலேயே பலர். அந்த மாதங்களில்தான் நான்கு வீடுகள் ஒன்பது வீடுகளாகின.

அதுவரைக்கும் பால் திருட்டு என்ற பேச்சே எங்களிடம் இருந்ததில்லை. அதற்குக் காரணம் எல்லோரும் நல்லவர்களாக இருந்தது மட்டுமல்ல. பால்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஹோர்ன் அடிப்பார், அல்லது கேற்றில் உள்ள மணியை அழுத்துவார். வீட்டுப் பெண்கள் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். அவர் அளந்து ஊற்றுவார். பால் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும். இடையில் அது தனியாக இருக்கும் நேரமே கிடையாது.

2022 இல் இந்த ஒழுங்கு ஒவ்வொன்றாகக் கழன்று போனது. மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் மணி அடிக்காது. சமையல் வாயு இல்லாததால் பெண்கள் வீட்டின் பின்பக்கத்தில் விறகு அடுப்பு மூட்டினார்கள். அங்கிருந்து முன் கேற்றில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. ஆண்களில் சிலர் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளியில் இருப்பார்கள். சிலர் எண்ணெய் வரிசையிலோ வாயு வரிசையிலோ இரவிலிருந்தே காத்துக் கிடப்பார்கள். ஜூன் 27 ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பால்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பழைய பைசிக்கிளைத் தள்ளிக் கொண்டு மேடு ஏறலானார்.

வீட்டுக்கு வீடு நின்று அளந்து ஊற்ற அவருக்கு நேரம் போதவில்லை. காய்ச்சாத பால் எமது நாட்டுச் சூட்டில் நீண்ட நேரம் தாங்காது; சில மணித்தியாலங்களில் புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே வீட்டிலேயே போத்தல்களில் நிரப்பிக் கொண்டு வந்து, ஒவ்வொரு கேற்றுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதன் பின்னர் வீட்டுக்காரர் வந்து எடுக்கும் வரை, பத்து நிமிடமோ அரை மணித்தியாலமோ, அந்தப் பால் பாதையோரத்தில் தனியாக நிற்கும்.

முதலில் காணாமல் போனது, வயதான கணவனும் மனைவியும் தனியாக இருக்கும் வீட்டின் போத்தல். பால்காரர் மறந்துவிட்டார் என்றே அவர்கள் நினைத்தார்கள். அடுத்த கிழமை இரண்டு வீடுகளில் இல்லை. அதில் ஒன்று, படுக்கையில் இருக்கும் தாய்க்காக அரைப் போத்தல் மட்டும் வாங்குகின்ற வீடு. பால்காரர், "நான் வைத்தேன் மௌலவி ஐயா, பிள்ளைகள் மேல் சத்தியமாக வைத்தேன்" என்று கண் கலங்கினார். சில வீட்டார் அவருக்குக் காசு கொடுக்க மறுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சட்ட விளக்கம் தேவைப்பட்டது, என்னிடம் கேட்டார்கள். விற்ற பொருள் வாங்கியவரின் கைக்குச் சேரும் வரை அதன் நஷ்டம் விற்றவரைச் சேரும். ஆனால் "இந்த இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்" என்று வாங்குபவரே சொல்லி, அவரும் அவ்வாறே வைத்துவிட்டால், அதன் பின்னர் அவரிடம் நஷ்டத்தைக் கேட்பது முறையல்ல. எங்கள் வீடுகளில் பெரும்பாலானோர் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மேடு ஏறி வந்த மனிதரின் கூலியைப் பிடித்து வைப்பது பால் திருட்டைவிடச் சிறிய காரியம் அல்ல என்று சொன்னேன். மறுநாளே காசு கொடுக்கப்பட்டது.

ஆனால் கோபம் இன்னொரு பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் பாதைக்குக் கீழே ஒரு குடும்பம். தகப்பன் கூலி வேலை செய்பவர். அந்த நாட்களில் வேலையே இல்லை. பாடசாலையும் மூடியிருந்ததால், 12 வயதான மகன் விடியற்காலையில் மேட்டிலிருந்து விறகு கட்டிக் கொண்டு வந்து வீடுகளுக்கு விற்பான். மாலையில் என்னிடம் குர்ஆன் ஓத வருவான். விடியற்காலையில் பாதையில் நடமாடுகின்ற ஒரே பிள்ளை அவன். அவ்வளவு போதாதா? ஒரு வீட்டார் அவனிடம் விறகு வாங்குவதை நிறுத்தினார்கள். இன்னொரு வீட்டில் அவன் வந்ததும் கேற்றைச் சாத்தினார்கள். அவனைக் கூப்பிட்டு விசாரிக்கும்படி என்னிடம் வந்தும் சொன்னார்கள். "யாராவது கண்ணால் கண்டீர்களா?" என்று கேட்டேன். ஒருவரும் காணவில்லை. "காணாத ஒன்றை ஒரு பிள்ளையிடம் எப்படிக் கேட்பது?" என்று அனுப்பி வைத்தேன். ஆனால் பேச்சு அவன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. மத்ரஸாவுக்கு வருவதை அவன் நிறுத்திக் கொண்டான்.

சகோதரிகளே, ஒரு போத்தல் பாலை நாளைக்கு வாங்கிவிடலாம். ஒரு பிள்ளையின் பெயர் கெட்டால் அதை எந்தக் கடையில் வாங்குவது?

பாலைக் காப்பாற்ற வீட்டுக்கு வீடு செய்த முயற்சிகளையும் சொல்ல வேண்டும். ஒருவர் மதிலின் மேல் வைக்கச் சொன்னார், பூனை தட்டிவிட்டது. ஒருவர் பூச்சாடிக்குப் பின்னால் ஒளித்து வைக்கச் சொன்னார். இரண்டே நாளில் அந்த இடம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இன்னொருவர் துணிப் பையில் போட்டுக் கேற்றின் உட்புறம் தொங்கவிடச் சொன்னார். அது ஓரளவு பயன்பட்டது. ஆனால் வெயில் ஏறினால் சூட்டில் பால் கெட்டது. ஒளித்து வைப்பது பாதுகாப்பு ஆகாது என்பதை இதில் கண்டோம்.

எங்கள் பாதையில் பிறந்து இங்கிலாந்தில் குடியிருக்கும் ஒரு பெண், தாயாரோடு தொலைபேசியில் பேசும்போது இதைக் கேட்டுவிட்டு அந்த நாட்டுக் கதையைச் சொன்னாராம். அங்கே மெல்லிய தகடு மூடிய கண்ணாடிப் போத்தல்களில் பாலை விடியற்காலையில் வாசற்படியில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. ஒரு காலத்தில் அங்கு பெயர் போன பால் திருடன் ஒரு குருவி. நீல நிறமும் மஞ்சள் நிறமும் கலந்த சின்னஞ்சிறு குருவி, தகட்டைக் கொத்திக் கிழித்து மேலே திரண்டிருக்கும் ஆடையைக் குடித்துவிடும். 1921 இல் சௌதாம்ப்டனுக்கு அருகே ஸ்வேத்லிங் என்ற ஊரில் இது முதலில் கவனிக்கப்பட்டது. 1949 இல் ஜேம்ஸ் ஃபிஷர், ரொபர்ட் ஹைன்ட் என்ற இரு ஆய்வாளர்கள், நாட்டின் பல பாகங்களுக்கும் இந்தப் பழக்கம் பரவிவிட்டதை எழுதினார்கள். வீட்டுக்காரர்கள் குருவியைத் துரத்திக் கொண்டு திரியவில்லை. வாசலில் ஒரு கோப்பையையோ தட்டைக் கல்லையோ வைத்துவிடுவார்கள். பால்காரர் போத்தலை வைத்ததும் அதை எடுத்து மேலே மூடிவிட்டுப் போவார். மூடியைத் தேடி வைப்பது வீட்டுக்காரர் வேலை, மூடுவது பால்காரர் வேலை.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. ஒரு ஸஹாபி திறந்த பாத்திரத்தில் பால் கொண்டு வந்தபோது, ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தாவது அதை மூடியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இன்னொரு ஹதீஸில், பிறருடைய கால்நடையில் அனுமதியின்றிப் பால் கறப்பதைத் தடுத்த அவர்கள், அந்த மடி உரியவரின் உணவுக் களஞ்சியம் என்பதாக விளக்கினார்கள். பிக்ஹு நூல்களில் "ஹிர்ஸ்" என்று ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கேற்ற காப்பிடம் ஒன்று இருக்கிறது. அது எது என்பதை ஊர் வழக்கம் தீர்மானிக்கும். பணத்துக்குப் பெட்டி, ஆட்டுக்குப் பட்டி. பொருள் காப்பிடத்தில் இல்லை என்பதற்காக எடுத்தவனுக்கு அது ஹலாலாகிவிடாது. ஆனால் காப்பிடம் தேடிக் கொடுப்பது உடையவர் மீதுள்ள கடமை. எங்கள் பாதையில் மணிக்கும் சமையல் வாயுவுக்கும் முன்னரே பாலின் காப்பிடமாக இருந்தது ஒரு பெண்ணின் கை. அந்தக் கை பின் அடுப்புக்குப் போனதும் பாலுக்குக் காப்பிடம் இல்லாமல் போயிற்று.

வழி சொன்னவர் கடைசி வீட்டு மாமி. கால் வருத்தக்காரர், ஆனால் தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழும்பினால் விடியும் வரை முன் ஜன்னலடியில்தான் இருப்பார். "எல்லாப் பாலையும் என்ட ஊட்டுல வைக்கச் சொல்லுங்கோ. நான் முழிச்சித்தானே இருக்கிறன்" என்றார். ஒன்பது வீட்டுப் பெண்களும் ஒரு ளுஹருக்குப் பின் அங்கே கூடினார்கள். பழப் பெட்டிப் பலகையால், மூடியும் கொண்டியும் வைத்து ஒரு பெட்டி செய்வித்து, மாமியின் கேற்றுக்கு உள்ளே நிழலில் வைத்தார்கள். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று பால்காரரிடம், ஒன்று மாமியிடம். சூடு ஏறாமலிருக்க மேலே நனைத்த சாக்கு. ஒவ்வொரு வீட்டுப் போத்தலின் கழுத்திலும் ஒவ்வொரு நிற நூல். யார் எத்தனை போத்தல் என்று எழுத ஒரு அப்பியாசக் கொப்பி. பால்காரருக்கும் ஒன்பது இடத்துக்குப் பதிலாக ஓர் இடம். காலையில் அரை மணித்தியாலம் மிச்சம்.

பாலை வீடுகளுக்குக் கொண்டு போய்க் கொடுப்பது யார் என்ற கேள்வி வந்தது. "அந்த விறகுப் பொடியன்தான்" என்றார் மாமி. சபை மௌனமாயிற்றாம். மாமி விடவில்லை. "அந்த நேரத்துக்கு எழும்புற புள்ள அவன் மட்டும்தான். கிழமைக்கு ஒரு கூலி பேசுவோம்" என்றார். அவரே தடியை ஊன்றிக் கொண்டு கீழே இறங்கிப் போய், அவனுடைய உம்மாவிடம் கேட்டார். மன்னிப்பு என்றோ சந்தேகம் என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக்குப் பிள்ளையைத் தருவீர்களா என்று மட்டும் கேட்டார்.

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். ஒன்பது வீடும் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு போத்தல் கூடுதலாக வாங்குவது. பாதையிலும் கீழேயும் முடியாமல் இருக்கும் மூன்று வீடுகளுக்கு முறை வைத்துக் கொடுப்பது. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் கொடுப்போம் என்று ஒருவர் சொன்னபோது, இன்னொரு சகோதரி தடுத்திருக்கிறார். "அவங்களுக்கு மட்டும் குடுத்தால், நீங்கதான் எடுத்தீங்கன்னு சொல்றது போல ஆகிடும்" என்றாராம். ஸதகாவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். இவ்வளவு நுணுக்கமாக அதைக் கையாண்டவர்களை அன்றுதான் பார்த்தேன்.

பெட்டி வைத்த நாள் முதல் ஒரு போத்தலும் போகவில்லை. அந்தப் பிள்ளை சுமார் பத்து நாள் கழித்து மத்ரஸாவுக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கினான். முன்னர் பாலை எடுத்தது யார் என்பது இன்று வரை எங்களுக்குத் தெரியாது. பசித்த ஒருவராக இருக்கலாம். பகிடிக்கு எடுத்தவராகவும் இருக்கலாம். ஒருவரும் தேடவில்லை.

பிற்பாடு கரண்டும் வாயுவும் வந்துவிட்டன. பால்காரர் மீண்டும் மோட்டார் சைக்கிளில் வருகிறார். என்றாலும் பெட்டியை எடுக்க வேண்டாம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். மூன்று வீட்டுப் போத்தலும் நிற்கவில்லை.

உங்கள் வாசலிலும் பாலோ பாணோ வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இருந்தால், இன்றைக்கே இவற்றைப் பாருங்கள். கொண்டு வருபவரோடு நேரத்தையும் இடத்தையும் பேசி முடிவு செய்யுங்கள். பொறுப்பு எங்கே கை மாறுகிறது என்பதையும் அப்போதே பேசிக் கொள்ளுங்கள். பாதையிலிருந்து தெரியாத, வெயில் படாத, மூடியுள்ள ஓர் இடம் அமையுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நாளில் முன்கூட்டியே சொல்லி நிறுத்துங்கள். விழித்திருக்கும் அயல் வீட்டாரோடு ஒன்று சேருங்கள். எடுத்த பாலை உடனே காய்ச்சுங்கள். அதற்குப் பின்னரும் ஒரு நாள் போத்தல் காணாமல் போனால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னர் உங்கள் பெட்டியின் கொண்டியைப் பாருங்கள்.