கப்பலேறும் முன்

கும்மிடிப்பூண்டியிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகம் அதிகத் தொலைவில்லை. அங்கிருந்து எங்கள் வண்டியைத் துபைக்குக் கப்பலேற்றி, பின்னர் தரைவழியே உம்ராவுக்குச் செல்ல நாடியுள்ளோம், இன்ஷா அல்லாஹ்.

வண்டிக்கும் கடவுச்சீட்டு உண்டு. 'கார்னே' எனும் அவ்வேடு ஓராண்டு செல்லும். எல்லைதோறும் நுழைவு முத்திரையும் வெளியேற்ற முத்திரையும் பதியவேண்டும். பின்னது தவறினால் அந்நாட்டுச் சுங்கவரி நம் தலையில் விழும். அதற்காகவே முன்கூட்டிப் பிணைத்தொகை கேட்கிறார்கள்.

நகைக்கடன் வாங்கலாம் என்றனர் உறவினர். அல்லாஹ்வின் இல்லம் நோக்கிய பயணத்தை வட்டியில் தொடங்க எங்களுக்கு மனமில்லை. ஓராண்டு தள்ளிவைத்துச் சேமித்தோம். அதற்குள் வஸிய்யத்தும் எழுதியாயிற்று. பழைய கைமாற்று ஒன்றே பாக்கி. கொடுத்தவர் ஆரம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். எரிபொருளை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிக் கொள்கலனில் ஏற்றுமுன், அவ்வண்டியிலேயே சென்று கொடுத்து வரவேண்டும்.