கணினிக்கூடத்து வாயிற்காவலனும் ஒரு குறிப்பேடும்

தமிழ்ப்பள்ளிகளில் கணினிக்கூடப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரிய நண்பர்களுக்காகவும், பள்ளியில் தம் பிள்ளைகள் இணையத்தை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று அறிய விழையும் பெற்றோருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன். தலைப்பு தொழில்நுட்பம் சார்ந்தது போல் தோன்றலாம். ஆனால், இதன் உட்பொருள் பள்ளி நிருவாகத்தைச் சார்ந்தது. ஆகவே, கணினி அறிவு மிகுதியாக இல்லாதவர்களும் தயங்காமல் தொடர்ந்து படிக்கலாம்.

எங்கள் பள்ளியின் கணினிக்கூடத்தில் 20 கணினிகள் உள்ளன. அவை யாவும் நேரடியாக இணையத்தை எட்டுவதில்லை. மூலையில் நிற்கும் பழைய கணினி ஒன்றின் வழியாகத்தான் செல்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்த அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளமும் 'ஸ்குவிட்' என்னும் பதிலி மென்பொருளும் நிறுவப்பட்டுள்ளன. ஸ்குவிட் என்பது கணவாய் மீனின் ஆங்கிலப் பெயர். நம் ஊர்க் கடைகளில் 'சோத்தோங்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். 1996 முதல் உலகெங்கும் இலவசமாகக் கிடைத்துவரும் மென்பொருள் இது. மாணவர் ஒரு பக்கத்தைக் கேட்டால், அவருக்குப் பதிலாக இம்மென்பொருள் சென்று அதைக் கொண்டுவந்து தருகிறது. தரலாமா, கூடாதா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. பள்ளி வாயிலில் நிற்கும் காவலருக்கு இதனை ஒப்பிடலாம்.

அந்தக் காவலர் யாரை விடவேண்டும், யாரைத் தடுக்கவேண்டும் என்ற கட்டளைகள் அனைத்தும் 'ஸ்குவிட்.கான்ஃப்' எனப்படும் ஓர் அமைவுக் கோப்பில் உள்ளன. 2022ஆம் ஆண்டில் நான் கணினிக்கூடப் பொறுப்பை ஏற்றபோது, அக்கோப்பில் 72 வரிகள் இருந்தன. எனக்கு முன் பொறுப்பிலிருந்தவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டார். அவருக்கும் முன்பு யாரோ ஒரு தொழில்நுட்பர் அதனை அமைத்துக் கொடுத்திருந்தார். 72 வரிகளில் ஒன்றில்கூட 'இது எதற்காக' என்ற விளக்கம் இல்லை.

இம்மென்பொருளுக்கு முறையான கையேடு இல்லாமலில்லை. மென்பொருளோடு சேர்ந்தே வரும் விளக்கக் கோப்பு ஆயிரக்கணக்கான வரிகளைக் கொண்டது. ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால், நம் பள்ளி அந்தக் கட்டளையை ஏன் தேர்ந்தெடுத்தது என்பதை உலகின் எந்தக் கையேடும் சொல்லாது. அதை நாமேதான் எழுதி வைக்கவேண்டும்.

எழுதி வைக்காததால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்கலாம். நான் கண்ட மூன்று விதிகளைச் சொல்கிறேன்.

முதல் விதி, முகவரியில் சில எழுத்துகள் தோன்றினால் தடுத்துவிடு என்பது. அப்பட்டியலில் 'ஏ, எஸ், எஸ்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருந்தன. கெட்ட சொல்லைத் தடுப்பதே நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அதே மூன்று எழுத்துகள் 'கிளாஸ்ரூம்' என்ற சொல்லின் நடுவிலும் உள்ளன. கூகுள் கிளாஸ்ரூமின் முகவரியே அச்சொல்லில்தான் தொடங்குகிறது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்ததால் இது யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்குத் திரும்பியபின், வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள் பாடப் பயிற்சியைச் செய்யக் கணினிக்கூடத்துக்கு வந்தார்கள். "டீச்சர், எங்களுக்கு அனுமதி இல்லை என்று வருகிறது" என்றாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. வீட்டில் கணினி இல்லாதவளைப் பள்ளிக் கணினியும் வாயிலில் நிறுத்திவிட்டது. எழுத்துகளைத் தேடித் தடுக்கும் அவ்விதியை நீக்கிவிட்டு, தடுக்கவேண்டிய தளங்களின் பெயர்களை முழுமையாகப் பட்டியலிடும் முறைக்கு மாறினோம்.

இரண்டாம் விதி நேரம் பற்றியது. திங்கள், புதன், வியாழன் ஆகிய நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை காணொளித் தளங்கள் அனைத்தும் தடுக்கப்பட்டிருந்தன. கதை சொல்லும் போட்டிக்குப் பயிற்சியளித்துவந்த ஆசிரியை, மாணவர்களுக்கு நல்ல கதைசொல்லிகளின் காணொளிகளைக் காட்ட முடியாமல் தவித்தார். எவரைக் கேட்டும் காரணம் தெரியவில்லை. "ஏதோ காரணத்தோடுதான் போட்டிருப்பார்கள், கை வைக்காதீர்கள்" என்றே எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் அலுவலகத்தில் நெடுங்காலமாகப் பணியாற்றும் அம்மையார் ஒருவர்தாம் நினைவுகூர்ந்தார். அந்த நாள்களில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கான கூடுதல் வகுப்பு நடந்ததாம். அப்போது இணைய வேகம் குறைவு. யாரேனும் காணொளி பார்த்தால் பயிற்சித் தளம் திறக்காது; ஆகவே தடுத்தார்களாம். காரணம் முற்றிலும் நியாயமானதே. ஆனால், யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டுவிட்டது. தேர்வு போனபின்பும் தேர்வுக்காக இட்ட தடை காவல் காத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் விதியே எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது. குறிப்பிட்ட ஓர் ஐபி முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு எந்தத் தடையும் வேண்டாம் என்று அது சொன்னது. ஒரு காலத்தில் அம்முகவரி அலுவலகக் கணினிக்கு உரியதாக இருந்தது. அக்கணினி பழுதாகிக் கழிக்கப்பட்டது. பிறகு, முகவரிகளைத் தானாகப் பங்கிடும் முறை வந்தபோது, அந்த எண் கணினிக்கூடத்தின் பின்வரிசைக் கணினி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அமர்கிறார்கள். நல்வாய்ப்பாக எந்தத் தீங்கும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆயினும், 20 கணினிகளில் ஒன்று மட்டும் திறந்த வாயிலாக இருந்ததை ஒருவரும் அறியவில்லை.

இங்கே ஆசிரியர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஸ்குவிட், அனுமதி விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் எந்த விதி பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. அதற்குக் கீழே உள்ளவற்றை அது பார்ப்பதில்லை. எதுவுமே பொருந்தவில்லையென்றால், கடைசி விதிக்கு நேர்மாறானதைச் செய்யும். அதனால்தான் பட்டியலின் இறுதியில் 'எல்லாரையும் தடு' என்ற வரியைத் தவறாமல் எழுதுகிறார்கள். மேலே சொன்ன திறந்த அனுமதி பட்டியலின் உச்சியில் இருந்தது. ஆகவே, கீழே எத்தனை தடைகளைச் சேர்த்தாலும் அந்தக் கணினிக்கு அவை பொருந்தியிருக்கமாட்டா. விதியின் சொற்களை மட்டுமின்றி, அது நிற்கும் இடத்தையும் ஏன் அங்கே நிற்கிறது என்பதையும் எழுதி வைக்கவேண்டும்.

இனி, கோப்புகளின் அனுமதி பற்றிச் சில சொற்கள். லினக்ஸில் ஒவ்வொரு கோப்பையும் யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதை மூன்று எண்களால் குறிக்கிறார்கள். படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1. முதல் எண் உரிமையாளருக்கு, இரண்டாவது எண் குழுவுக்கு, மூன்றாவது எண் மற்ற எல்லாருக்கும். எங்கள் கணினியில் பெரும்பாலான கோப்புகள் 777 என்றிருந்தன. யாவரும் படிக்கலாம், யாவரும் மாற்றலாம் என்பது அதன் பொருள். ஏதோ ஒருநாள் மென்பொருள் இயங்க மறுத்திருக்கும். அவசரத்தில் யாரோ எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உண்மையில் தேவைப்படுவது மிகச் சிறிதளவே. ஸ்குவிட் தனக்கென உள்ள எளிய கணக்கில் இயங்குகிறது. பதிவேடுகளும் தற்காலிகச் சேமிப்பும் இருக்கும் கோப்புறைகளில் எழுத அக்கணக்குக்கு உரிமை இருந்தால் போதும். அமைவுக் கோப்புக்கு 640 என்று வைத்தோம். தலைமைக் கணக்கு மட்டுமே திருத்தலாம், ஸ்குவிட்டின் குழு படிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அக்கோப்பில் கடவுச்சொற்கள் மறைப்பின்றி எழுதப்படுவதும் உண்டு என்பதால், படிக்கும் உரிமையையும் கட்டுப்படுத்துவது இன்றியமையாதது.

எண்களை மாற்றுவதற்குச் சில மணித்துளிகளே ஆயின. பதிவேட்டை யார் படிக்கலாம் என்ற கேள்விக்கோ இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன.

ஸ்குவிட், எந்தக் கணினி எந்த நேரத்தில் எந்தத் தளத்தைக் கேட்டது என்பதைப் பதிவேட்டில் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். பெற்றோர் ஒருவர் பள்ளிக்கு வந்து, தம் பிள்ளைக்குத் தகாத படம் ஒன்றை இன்னொரு மாணவன் காட்டியதாகவும், அம்மாணவன் பார்த்தவற்றின் பட்டியல் வேண்டும் என்றும் கேட்டார். அவருடைய கவலை மெய்யானது, குறை சொல்வதற்கில்லை. ஆனால், பட்டியலைக் கொடுக்க நான் மறுத்துவிட்டேன். பதிவேட்டில் மாணவன் பெயர் இல்லை; கணினியின் எண் மட்டுமே உண்டு. ஒரே கணினியில் ஒரு நாளில் ஐந்தாறு பிள்ளைகள் அமர்கிறார்கள். கணினி எண்ணை வைத்துக்கொண்டு பத்து வயதுப் பிள்ளையைக் குற்றவாளியாக்கலாமா? "உங்கள் கவலையைத் தலைமையாசிரியரிடம் எழுத்து வடிவில் கொடுங்கள் ஐயா, பள்ளி விசாரிக்கும். ஆனால், பிறர் பிள்ளையின் பட்டியலை உங்களிடம் தருவதற்கில்லை" என்றேன். அவர் மனவருத்தத்துடன்தான் சென்றார். விசாரணையில், அந்தப் படம் பள்ளிக் கணினி வழியாக வந்ததன்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த கைப்பேசியில் இருந்தது என்று தெரியவந்தது.

சட்டம் இதில் நமக்குப் பெரிதும் துணை நிற்பதில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே, நாமே நமக்கு வரம்பு கட்டிக்கொள்ளவேண்டியுள்ளது. ஆசிரியர் ஒருவர், பதிவேட்டில் கணினி எண்ணின் கடைசிப் பகுதியை மறைத்துவிடலாம் என்றார். ஸ்குவிட்டில் அதற்கும் வழியுண்டு. மற்றொருவர், அப்படி மறைத்தால் உண்மையான ஆபத்து நேரும்போது எதையும் கண்டறிய இயலாதே என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முடிவில், எண்களை மறைக்காமல் ஏழு நாள்களுக்கு மட்டும் பதிவேட்டை வைத்திருப்பது, தலைமையாசிரியரும் பொறுப்பாசிரியரும் சேர்ந்து இருக்கும்போது மட்டுமே திறப்பது, திறந்த நாளையும் காரணத்தையும் குறித்து வைப்பது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒப்புதலோடு முடிவு செய்தோம்.

இவை யாவற்றையும் எழுதி வைக்க நாற்பது காசு கூடுதலாகக் கொடுத்துத் தடித்த அட்டை போட்ட குறிப்பேடு ஒன்றை வாங்கினேன். ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பக்கம். அப்பக்கத்தில் ஐந்து செய்திகளை எழுதுகிறோம்.

1. இவ்விதி என்ன செய்கிறது?
2. எதற்காக இடப்பட்டது?
3. யார் கேட்டுக்கொண்டார்?
4. எந்த நாளில் இடப்பட்டது?
5. எப்போது மறுபார்வை செய்யவேண்டும்?

அமைவுக் கோப்பில் '#' குறியோடு தொடங்கும் வரியை மென்பொருள் பொருட்படுத்தாது. ஆகவே, விதிக்கு மேலே அக்குறியிட்டுக் குறிப்பேட்டின் எண்ணையும் எழுதிவிடுகிறோம். திருத்துவதற்கு முன் பழைய கோப்பைத் தேதியிட்டுப் படியெடுத்துக்கொள்கிறோம். திருத்திய பின் 'ஸ்குவிட் -கே பார்ஸ்' என்ற கட்டளையால் பிழை உண்டா என்று சோதிக்கிறோம். பிழையில்லை என்றால் 'ஸ்குவிட் -கே ரீகன்ஃபிகர்' என்று கொடுத்தால், மென்பொருளை நிறுத்தாமலேயே புதிய விதிகள் நடப்புக்கு வரும். தலைமைக் கணக்கின் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் தலைமையாசிரியரின் இரும்புப் பெட்டியில் உள்ளது.

குறிப்பேட்டைத் தமிழில்தான் எழுதுகிறோம். கணினிக்குத் தேவையான கட்டளைகள் ஆங்கில எழுத்தில் இருப்பது வேறு. அவற்றின் காரணத்தை நம் ஆசிரியர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் படித்து விவாதிக்க முடியவேண்டும் என்பது வேறு. விதி எண் 9 ஏன் வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் தாயார் ஒருவர் எழுந்து கேட்டார். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் அவருக்குக் கணினியைத் தொட்டுப் பழக்கமில்லை. ஆனால், அவர் கேட்டது சரியான கேள்வி. அவ்விதி நீக்கப்பட்டது.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். இந்தக் காவலரால் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் இயங்குகின்றன. எந்தத் தளத்துக்குச் செல்கிறார்கள் என்பது மட்டுமே எங்கள் பதிலிக்குத் தெரியும். அதற்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது. காணொளித் தளத்தைத் திறந்துவிட்டால், அதில் நல்ல கதையும் வரும், வேண்டாததும் வரும். அங்கே ஆசிரியரின் கண்தான் காவல். கைப்பேசியில் தனி இணையம் இருந்தாலோ எங்கள் காவலருக்கு அங்கே வேலையே இல்லை. வீட்டில் அந்தக் காவல் உங்களுடையது.

உங்கள் பள்ளியிலும் இத்தகைய கணினி ஒன்று மூலையில் நிற்கலாம். வரும் விடுமுறைக்குள் ஒருநாள் அதன் அமைவுக் கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணத்தை எழுத முயன்று பாருங்கள். காரணம் தெரியாத வரிகளை வட்டமிட்டு, பழைய ஆசிரியர்களிடமும் அலுவலகப் பணியாளர்களிடமும் கேளுங்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்குமுன் கேட்டுவிடுவது நல்லது. அடுத்த ஆண்டு எனக்கும் மாற்றல் வரக்கூடும். கணினிக்கூடத்தை ஏற்கவிருக்கும் இளம் ஆசிரியர் இப்போதே குறிப்பேட்டில் தம் கையால் எழுதத் தொடங்கிவிட்டார். விதி எண் 14 அவர் எழுதியது.