தாயில்லா முட்டைகள்

கோழிக்கு மூளை கம்மி என்று சொல்லும் பேர்வழிகள், 21 நாள் அதன் உத்தியோகத்தை ஏற்று நடத்திப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் பாக்கியம் வலிய வந்து சேர்ந்தது.

அடையில் உட்கார்ந்த நாலாம் நாள், எங்கள் நாட்டுக் கோழியைக் கீரி கொண்டு போய்விட்டது. கூடையில் 11 முட்டைகள். "ஆம்லெட்டுக்கு ஆகும்" என்றான் தம்பி. அதற்குள் கருவில் இருதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும் என்பதை அவன் அறியான். என் தாயார் முட்டைகளைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஏதாவது பண்ணுடா" என்றார்.

வீட்டுச் சாமான்களே கை கொடுத்தன. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அரிசிப் பெட்டியை இறக்கி, இடைவெளியில் உமியைத் திணித்தேன். மேலே 40 வாட் பல்பு. பிளாஸ்டிக்கில் சூடு படாமலிருக்கத் தகரத் தகடு. உஷ்ணம் ஏறினால் விளக்கை அணைத்து, இறங்கினால் ஏற்றும் தெர்மோஸ்டாட். காற்றுக்குச் சில துவாரங்கள். மூலையில் கிண்ணத்தில் தண்ணீர். விசிறி இல்லாத பெட்டியாகையால் முட்டையின் மேற்புறத்தில் 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும்.

இதெல்லாம் புதுமையன்று. ரெயோமூர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, சாண எருவின் சூட்டில் மரப் பீப்பாய்களை வைத்துக் குஞ்சு பொரித்து, 1749-ல் அதைப் பற்றிப் புஸ்தகமே வெளியிட்டார். எகிப்தியர்களோ முட்டையைக் கண்ணிமையில் ஒற்றியே சூட்டை நிதானிப்பார்களாம்!

சூடு மாத்திரம் போதாது. கோழி தன் முட்டைகளை ஓயாமல் உருட்டிக் கொடுக்கும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு புறம் பெருக்கல் குறியும் மறு புறம் சுழியும் பென்சிலால் போட்டு, தினம் ஐந்து தடவை திருப்பினேன். ஒற்றைப் படையாகத் திருப்பினால்தான் ஒவ்வோர் இரவும் வேறு பக்கம் மேலே வரும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கின்மேல் வைத்துப் பார்த்ததில், ஒன்பதில் சிவந்த நரம்புகள் சிலந்திக் கால்களைப் போல் ஓடின. இரண்டு வெறுமை.

பன்னிரண்டாம் நாள் இரவு மின்சாரம் நின்றது. எனக்குக் கை கால் ஓடவில்லை. "கோழியும் தினம் இரை பொறுக்க இறங்கத்தானே செய்யும்?" என்று தாயார் பெட்டியைக் கம்பளியால் மூடினார். இரண்டு மணி நேரம் சென்றது.

பதினெட்டாம் நாள் முதல் முட்டையைத் திருப்பக் கூடாது. ஈரம் அதிகம் வேண்டும். இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். இருபதாம் நாள் இரவு ஓட்டுக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். ஓட்டை உடைத்து உதவத் துடித்தவன் யார் தெரியுமா? ஆம்லெட் கேட்ட தம்பிதான்! மூடியைத் திறந்தால் ஈரக் காற்று போய், உட்தோல் உலர்ந்து குஞ்சை இறுக்கிவிடும். அவன் கையைப் பிடித்து உட்கார்த்தி வைத்தேன்.

மறுநாள் அந்திக்குள் ஏழு குஞ்சுகள் வெளிவந்தன. மற்ற இரண்டும் அசையவேயில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவே குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்குப் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். தாயார் கேட்கவில்லை; நொய்யரிசியை ஒரு தட்டில் பரப்பிக்கொண்டு, பெட்டியருகே காத்திருந்தார்.