சுடுநீருக்கு ஒரு பம்பு

சென்ற குளிர்காலத்தில் ஆய்வு உதவித்தொகை ஒன்றில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 7 மாதங்கள் தங்கியிருந்தேன். ஐதராபாத்துக்குத் திரும்பிய பின் நண்பர்கள் கேட்பதெல்லாம் அங்குள்ள நூலகங்களைப் பற்றித்தான். எனக்கோ, நாங்கள் நால்வர் பகிர்ந்து வாழ்ந்த வீட்டின் நிலவறையும் அங்கே நான் தேர்ந்து வாங்கிய ஒரு பம்பும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

வீட்டுத் தோழர்களில் ஒருவர் வேதியியல் ஆய்வாளர். மாதம் ஒருமுறை நிலவறையில் 20 லிட்டர் பீர் காய்ச்சுவார். சொந்தப் பயன்பாட்டுக்கென்றால் அந்நாட்டில் அதற்குத் தடையில்லை; 2024 முதல் ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வரியும் இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, ஏறத்தாழ 66 பாகைச் சூட்டில் நீரோடு ஒரு மணி நேரம் வைத்திருந்தால் அதன் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். அந்தச் சாற்றை வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஹாப் பூக்களோடு கொதிக்கவிட வேண்டும். மாற்றுவதை அவர் கையால் தூக்கியே செய்துவந்தார். டிசம்பரில் ஒருநாள் பாத்திரம் சரிந்து, இடது முன்கை முழுவதும் வெந்துபோயிற்று. மருத்துவமனைக்கு உடன் சென்றவள் நான். கட்டுப்போட்ட கையோடு டிராம் வண்டியில் அமர்ந்து, “தூக்காமல் செய்ய மலிவாக ஏதாவது வழி பார்” என்றார். வீட்டுச் செலவுக் கணக்கு என்னிடம் இருந்தது. 50 யூரோவைத் தாண்டக் கூடாது என்பது ஏற்பாடு.

மொழியியல் படித்தவள் பம்பு வாங்கினால் முதலில் சொற்களைத்தான் நம்புவாள். மீன்தொட்டிப் பம்புகள் மிக மலிவு. ஆனால் அவை குளிர்ந்த நீருக்கானவை, சூடு பட்டால் நெகிழ்ந்துவிடும். வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கென்றே விற்கப்படும் எஃகுத் தலைப் பம்புகள் எங்கள் வரம்புக்கு இருமடங்குக்கும் மேல். இடையில் இருந்தது 12 வோல்ட் காந்தப் பம்பு, உள்ளங்கையில் அடங்கும் அளவு. மோட்டாரின் தண்டு திரவத்துக்குள் நுழைவதில்லை. வெளியே சுழலும் காந்தம் உள்ளே இருக்கும் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆகவே கசிவதற்குத் துளையே இல்லை. 100 பாகை தாங்கும், உணவுக்கு உகந்தது என்று எழுதியிருந்தது. நிமிடத்துக்கு 8 லிட்டர், 3 மீட்டர் உயரம் என்றும் எழுதியிருந்தது. 3 மீட்டர் உயரத்துக்கு 8 லிட்டர் ஏற்றும் என்றே நான் வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அப்பாவிடம் கேட்டேன். கடலூர் மாவட்டத்தில் கரும்பு விவசாயி; இளமையில் வெல்லம் காய்ச்சியவர்; நாற்பது ஆண்டுகளாக மோட்டாரோடு மல்லுக்கட்டுபவர்.

“என்னத்துக்கும்மா பம்பு?”

“வெந்நீருக்குப்பா. ஒரு பாத்திரத்துலேருந்து இன்னொண்ணுக்கு மாத்தணும்.”

பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது.

அவர் சிரித்துவிட்டார். “எட்டு லிட்டர்னா தரை மட்டத்துல. மூணு மீட்டர்னா அங்கதான் தண்ணி நின்னுபோவும், சொட்டுகூட விழாது. ரெண்டுக்கும் நடுவுல எதுனா கெடைக்கும்.” உலகெங்கும் பம்பு விற்பவர்கள் இரண்டு எல்லைகளையும் ஒரே வரியில் எழுதிவைக்கிறார்கள், இடையிலுள்ள ‘அல்லது’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து அவர் கேட்டது, பம்பைப் பாத்திரத்துக்கு மேலே வைக்கப்போகிறேனா, கீழேயா என்று. “கீழ வை. தண்ணி தானா வந்து பம்புல நிக்கணும். காத்து இருந்தா சும்மா சுத்தும், இழுக்காது. வால்வ டெலிவரிப் பக்கம் போடு. சக்சன் பக்கம் திருகிக் கொறைக்காத.” கொதிநிலையை நெருங்கிய திரவத்துக்கு இது இன்னும் முக்கியம் என்பதைப் பிறகு படித்தறிந்தேன். உறிஞ்சும் பக்கத்தை அடைத்தால் அழுத்தம் குறைந்து, திரவம் பம்புக்குள்ளேயே ஆவியாகிவிடும், ஓட்டம் அறுந்துவிடும். இந்தவகைப் பம்புக்குத் திரவமே மசகு என்பதால் வெறுமனே ஓடவிட்டாலும் கெட்டுவிடும்.

மின்இணைப்பியும் சிலிக்கோன் குழாயும் சேர்த்து 40 யூரோ ஆயிற்று. பிப்ரவரியில் பொருத்தினோம். பம்பின் மெலிந்த வேகமே எங்களுக்கு உதவியது என்பதுதான் வியப்பு. வடிந்த சாற்றைத் தானியப் படுகையின் மேல் மெல்ல மீண்டும் மீண்டும் ஊற்றினால் உமியே வடிகட்டியாகிக் கலங்கல் நீங்கும். வேகமாக உறிஞ்சினால் படுகை இறுகி அடைத்துக்கொள்ளும். வால்வைப் பாதி மூடியே ஓட்டினோம். இந்த வடிப்பை ஜெர்மானியர் ‘லாய்ட்டர்ன்’ என்கிறார்கள். தெளிந்த, தூய என்று பொருள்படும் ‘லவுட்டர்’ என்பதன் வினை. நம்முடைய ‘தேறல்’ நினைவுக்கு வந்தது. கலங்கியது தெளிவதும், நோயாளி உடல் தேறுவதும், மாணவர் தேர்வில் தேறுவதும் தமிழில் ஒரே வினை. தோழரின் கையும் அதற்குள் தேறியிருந்தது. அவர் கேட்டார் என்பதற்காக அந்தச் சொல்லைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிக்கொடுத்தேன்.

பழுப்பு நிறச் சாறு குழாயில் ஏறுவதைக் காணொளி எடுத்து, பெருமிதத்தில் யோசிக்காமல் அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகே உறைத்தது. அன்றிரவே அழைத்தார்.

“பம்பு நல்லா ஓடுது. தண்ணி மாதிரி தெரியலையே, கரும்புப்பாலு காய்ச்சுறாப்புல நுரைக்குது.”

நான் பேசவில்லை.

“வேலை முடிஞ்சதும் வெந்நீர் விட்டு ஓட்டி எடுத்துடும்மா. இனிப்பு உள்ள தங்குனா விடியறதுக்குள்ள புளிச்சிரும்.”

“சரிப்பா.”

“அந்தப் புள்ளைக்குக் கை எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தார்.